இருபத்து மூன்றில் பதினொன்று

நாக்கு நுனி தானாகவே போய் மேல்பல்லின் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. காற்று வந்து முட்டுகிறது, நான் விடவில்லை. விட்டால் த. விடாமல் மூக்கு வழியாக அனுப்பினால் ந. ஓரத்தை மட்டும் தளர்த்தினால் ல. யாருக்கும் கேட்காது, வாய் மூடியிருக்கிறது. பார்ப்பவர்களுக்கு ஐம்பத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி மருத்துவமனை நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். உள்ளே நான் பாரசீகத்தின் மெய்யொலிகளை உதட்டில் தொடங்கித் தொண்டை வரைக்கும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போகிறேன், ஊருக்குக் கிளம்புகிறவர்கள் வீட்டைப் பூட்டும் முன்னால் ஒவ்வொரு ஜன்னலாக இழுத்துப் பார்ப்பதுபோல. உதட்டில் ஐந்து. நாக்கின் முன்பாதியில் பதினொன்று. நடுநாக்கில் ஒன்று, ய. பின்நாக்கிலும் உள்நாக்கிலுமாக நான்கு. குரல்வளையில் இரண்டு. மொத்தம் இருபத்து மூன்று. எத்தனை முறை கூட்டினாலும் இருபத்து மூன்றுதான், அந்தப் பதினொன்றும் பதினொன்றேதான். சுவரில் இருக்கும் பலகையில் சிவப்பு எழுத்தில் இருபத்தொன்பது எரிகிறது. என் சீட்டில் நாற்பத்தொன்று. "ஒரு ஆளுக்கு எட்டு நிமிசம் வச்சாலும் பன்னெண்டு மணி தாண்டிரும். காப்பி குடிக்கியா?" என்கிறார் அத்தான். அத்தான் என்றால் என் கணவர் சங்கரலிங்கம், அத்தை மகன், கோவில்பட்டிக்காரர், மின்வாரியத்தில் முப்பது வருடம் ஊருக்கெல்லாம் கரண்ட் எப்போது வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். இன்றைக்கு எப்போது என்ன வரும் என்று அவருக்கும் தெரியாது. நான் வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறேன். நாக்கின் இடது ஓரத்தில் புற்று என்று போன வாரமே சொல்லியாகிவிட்டது. எவ்வளவு ஆழம், எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதை ஸ்கேனைப் பார்த்துவிட்டு இன்று சொல்வார்கள். நுனி தப்புமா தப்பாதா என்பதுதான் எனக்கு வேண்டிய ஒரே செய்தி, ஏனென்றால் அந்தப் பதினொன்றும் அங்கேதான் குடியிருக்கின்றன.

மூன்றே மூன்று கேள்வி. எங்கே தடுக்கிறாய், எப்படித் தடுக்கிறாய், தடுக்கும்போது தொண்டை அதிர்கிறதா. இந்த மூன்றைக் கேட்டால் போதும், உலகத்தில் எந்த மெய்யொலியும் தன் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிடும். புனேயில் ஒலியியல் ஆராய்ச்சி மாணவியாக முதன்முதலில் அந்த அட்டவணையைப் பார்த்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. மேலே குறுக்காக இடங்கள், உதடு, பல், ஈறு, அண்ணம், உள்நாக்கு, குரல்வளை. பக்கவாட்டில் செய்கைகள், முழுசாக அடைப்பது, உரசவிடுவது, மூக்கால் விடுவது, ஓரமாக வழியவிடுவது, அடித்து ஆடவிடுவது. நம் ஆட்கள் வல்லினம் மெல்லினம் இடையினம் என்று பிரித்ததும் இதே வேலைதான், நாங்கள் அதை ஐந்தாம் வகுப்பில் கடகடவென்று ஒப்பித்துவிட்டு விளையாடப் போய்விட்டோம். பாரசீகத்தில் வந்து நின்றபோதுதான் எனக்குத் திகைப்பு வந்தது. அவர்களிடம் உரசல் அதிகம். நாம் அடைக்கும் இடத்தில் அவர்கள் ஒரு மயிரிழை திறந்து வைக்கிறார்கள், காற்று அதன் வழியே சீறிக்கொண்டு போகிறது. ஃப, ஸ, ஷ, தொண்டை ஹ, அதற்கெல்லாம் அதிர்கிற ஜோடிகள். நாம் நாக்கைப் பின்னால் சுருட்டி ட, ண, ள, ழ என்று விளையாடுகிறோம். தெஹ்ரான்காரர்களுக்கு அந்த வளைவே கிடையாது, அவர்கள் நேராகக் கிணற்றுக்குள் இறங்குவதுபோல உள்நாக்குக்கு இறங்கிவிடுகிறார்கள். தெஹ்ரானில் ஒன்றாகக் கலந்துவிட்ட இரண்டு தொண்டை ஒலிகளைக் காபூலில் இன்னும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். பாரசீகத்தின் உறவு மொழியான பஷ்தோவில், காந்தகாரில் நாக்கை வளைத்துச் சொல்கிற ஷகரம் பெஷாவர் போய்ச் சேர்வதற்குள் தொண்டைக்குள் போய்விடுகிறது, ஒரே சொல், ஒரே எழுத்து, மலைகளைத் தாண்டும்போது வாய்க்குள்ளேயும் ஒரு பயணம். உதட்டிலிருந்து குரல்வளை வரை அளந்தால் ஒரு சாண்கூட இல்லை. அந்த ஒரு சாணுக்குள் இத்தனை மலையும் இத்தனை ஊரும் எப்படி அடங்கின என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மேல் சிலிர்க்கிறது. முப்பது. பலகை மாறிவிட்டது.

பயமாக இருக்கிறது. சொல்லிவிட்டால் குறையும் என்கிறார்கள், யாரிடம் சொல்வது. அத்தானிடம் சொன்னால் அவருக்கும் வந்துவிடும், அவருக்கு ஏற்கனவே சர்க்கரை. கைப்பைக்குள் மடித்து வைத்திருக்கும் தாள் அவருக்குத் தெரியாது. நேற்று மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வரைந்தேன். ஒரு நாக்கு, மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. எந்த இடத்தில் எந்த ஒலி பிறக்கிறது என்று எண் போட்டு, பச்சைக் கோடு, சிவப்புக் கோடு. பச்சை போனால் போகட்டும், சிவப்பில் கை வைக்கக் கூடாது. ஆசிரியைப் புத்தி, நோயிலும் வண்ணப் பென்சில் கேட்கிறது. குர்திஷ்காரர்களின் கனத்த லகரம் பச்சை. பஷ்தோவின் வளைந்த ஷகரம், அரை மனதோடு பச்சை. காகசஸ் மலைப்பக்கம் ஒசெட்டியர்கள் குரல்வளையை மூடிக்கொண்டு சுண்டிவிடுகிற ஒலிகளில் உதட்டோடு சேர்ந்தது தானாகத் தப்பிவிடும், அதற்குக் கோடே வேண்டாம். த, ந, ல, ர, ஸ சிவப்பு. நம் ழகரத்துக்கு இரண்டு முறை சிவப்பு. கீழே எழுதியிருக்கிறேன்: நுனியிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்குள் கத்தி வர வேண்டாம், அதனால் நோய் திரும்ப வந்தால் பொறுப்பு என்னுடையது. கையெழுத்து, செண்பகவல்லி. தேதியும் போட்டிருக்கிறேன். டாக்டர் மாசிலாமணி போன முறையே சொன்னார், "சுத்தி ஒரு சென்டிமீட்டர் நல்ல சதையையும் சேர்த்து எடுக்கணும்மா. அதுல கஞ்சத்தனம் பண்ணினா நாளைக்கு நாமதான் அழணும்." கஞ்சத்தனம் பண்ணச் சொல்லித்தான் நான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். பேச்சில்லாமல் இருபது வருடம் வேண்டுமா, பேச்சோடு ஐந்து வருடம் வேண்டுமா என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தயாராக இருக்கிறது. பதில் தயாராக இருக்கிறது என்றுதான் நேற்று வரை நினைத்திருந்தேன். 

கரியைப் பற்றி நினைக்கக் கூடாது என்று வந்தேன், அதுதான் வந்து நிற்கிறது. எங்கள் தொழிலில் அது ஒரு பழைய முறை. கரித்தூளை எண்ணெயில் குழைத்து மேலண்ணத்தில் தூரிகையால் பூசுவோம். ஒரே ஒரு சொல்லைச் சொல்லச் சொல்வோம். உடனே நாக்கை நீட்டச் சொல்லிப் படம் எடுப்போம். நாக்கில் எங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அந்த இடம்தான் அண்ணத்தைத் தொட்டிருக்கிறது, பொய் சொல்லாத சாட்சி. புனேயில் படித்தபோது ஈரானின் சனந்தஜ் ஊரிலிருந்து வந்த குர்திஷ் மாணவன் ஷீர்கோ எனக்காக அறுபது தடவை நாக்கைக் கறுப்பாக்கிக்கொண்டான். அவன் மொழியில் இரண்டு லகரம், ஒன்று நம்முடையது மாதிரி லேசானது, இன்னொன்று நாக்கின் பின்பக்கம் தூக்கிக்கொள்ள கனமாக விழுவது. டீக்கடையில் போய் அவன் வாயைத் திறந்ததும் கடைக்காரர் கையிலிருந்த கிளாஸை வைத்துவிட்டு எழுந்துவிட்டார், நாங்கள் தெருவில் நின்று சிரித்தோம். அந்தக் கனத்த லகரத்தை நானும் பழகிக்கொண்டேன், முப்பது வருடமாக என் நாக்கும் எனக்கு ஒரு சோதனைச்சாலை. இந்த பிப்ரவரியில் பழைய படங்களையும் புதிய படங்களையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுத, என் அண்ணத்திலேயே கரியைப் பூசிக்கொண்டேன். படத்தில் நாக்கின் இடது ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெள்ளை. கரி ஒட்டவே இல்லை. சந்தோஷப்பட்டேன். வலது ஓரம் தொடுகிறது, இடது ஓரம் தொடவில்லை, ஆகவே காற்று இடப்பக்கமாக மட்டும் வழிகிறது, ஒருபக்க லகரம் என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். மார்ச்சில் அந்த வெள்ளை கொஞ்சம் பெரிதானது. பழக்கம் ஊன்றுகிறது என்று எழுதினேன். ஏப்ரலில் சுருக்கென்று குத்தியது. பல் கடித்திருக்கும் என்று எழுதினேன்.

ஒரு கருத்தரங்கில் அந்தப் படத்தைத் திரையில் ஆள் உயரத்துக்குப் போட்டுக் காட்டினேன். நாற்பது பேர் இருந்திருப்பார்கள், எல்லாரும் ஒலியைத் தவிர வேறொன்றும் தெரியாத என் ஜாதி. ஒருவர் எழுந்து, வழியும் காற்றின் வேகத்தை அளந்தீர்களா என்று கேட்டார். இன்னொருவர் ஒருபக்க லகரம் தென்னிந்தியர்களிடம் அதிகமோ என்றார். என் புற்றுநோயைப் பார்த்து நாற்பது பேரும் கைதட்டினார்கள், நான் இரு கையையும் கூப்பினேன். கடைசியில் கடைவாய்ப் பல் சொத்தையை அடைக்கப் போனபோது அந்தப் பல் டாக்டர், முப்பது வயதுகூட இராது, விளக்கைத் திருப்பின மறுநிமிடம் கேட்டாள், "மேடம், இந்த வெள்ளை எவ்வளவு நாளா இருக்கு?" நான் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. "அது புண் இல்லம்மா, காத்து போற வழி" என்றேன். அவள் கண்ணாடிக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். உலகத்திலேயே தனக்கு வந்த நோயை மெய்யொலி அட்டவணையில் வகைப்படுத்திய ஒரே மடச்சி நானாகத்தான் இருப்பேன். மூன்று மாதம். ஒரு சாதாரணப் பெண்ணாக இருந்திருந்தால் பிப்ரவரியிலேயே வலிக்கிறது என்று யாரிடமாவது காட்டியிருப்பேன், நுனியைப் பற்றிய பேச்சே வந்திருக்காது. கோபமும் அழுகையும் சேர்ந்து வருகிறது. மூக்கைச் சிந்திக்கொண்டு பலகையைப் பார்த்தால் முப்பத்தைந்து, நடுவில் நான்கு பேர் போய் வந்ததை நான் கவனிக்கவே இல்லை.

"ஏட்டி வல்லி, வாய்க்குள்ள எதையோ மென்னுக்கிட்டே இருக்க. என்ன?" அத்தான் கவனித்துவிட்டார். "பாடம் நடத்துதேன்" என்றேன். "யாருக்கு?" "எனக்குத்தான்." அவர் சிரித்தார். "எனக்கு நடத்துன பாடமே இன்னும் முடியல, அதுக்குள்ள புது மாணவியா" என்றார். அவர் சொல்வது ழகரப் பாடத்தை. கல்யாணமான முதல் வாரமே ஆரம்பித்தது. வாளப்பளம் என்பார், நான் திருத்துவேன், வேண்டுமென்றே இன்னும் அழுத்தி வாளப்பளம் என்பார். இருபத்தாறு வருடத்தில் ஒருநாள் கூட அவர் திருந்தவும் இல்லை, நான் விடவும் இல்லை. அவர் பேசும்போது என்ன சொல்கிறார் என்பதைவிட எங்கிருந்து சொல்கிறார் என்றுதான் என் காது பார்க்கும். மாமா இறந்த செய்தியை அவர் போனில் சொன்னபோதுகூட, அழுகையில் அவர் குரல்வளை ஒவ்வொரு உயிருக்கும் முன்னால் ஒரு முறை அடைத்துத் திறந்ததைத்தான் முதலில் கேட்டேன், அதற்குப் பிறகுதான் மாமா இறந்துவிட்டார் என்பது உள்ளே இறங்கியது. இப்படி ஒருத்தியோடு குடும்பம் நடத்திய மனுஷன். கைப்பையில் இருக்கும் தாளில் நான் அவரைக் கேட்காமல் அவருடைய பதினைந்து வருடத்தையும் சேர்த்து வெட்டிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து என்னிடம் நீட்டினார்.

நான் குடிக்கும்போதுதான் எதிர் வரிசையிலிருந்து அது கேட்டது. "ஆப்." வெள்ளை அங்கி, பூவேலைத் தொப்பி, அறுபது வயது இருக்கும், ஓமானிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் இங்கே நிறையப் பேர் உண்டு. பக்கத்தில் அவர் மனைவி, பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். என் முதுகு நிமிர்ந்துவிட்டது. அரபி இல்லை. பாரசீகம் என்றால் ஆப் என்று இப்படி உதட்டை இறுக்கி முடிக்க மாட்டார்கள், தொண்டை அதிர மெத்தென்று முடிப்பார்கள். பாரசீகம் உயிரெழுத்துக்குப் பின்னால் வந்த பழைய வல்லொலியை எப்போதோ மெலியவிட்டுவிட்டது. அதன் உறவுக்காரி ஒருத்தி மட்டும் ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு மேலாக, தண்ணீர் என்று சொல்லும்போதெல்லாம் அந்த உதட்டை அப்படியே இறுக்கி மூடிக்கொண்டு வந்திருக்கிறாள். பலூச்சி. ஓமானில் பலூச்சிக்காரர்கள் உண்டு, கடல் தாண்டிப் போனவர்கள். நம் தமிழுக்குத் தூரத்துச் சொந்தமான பிராகுயிக்காரர்களோடு ஊர்ப்பக்கம் கலந்து வாழ்ந்து, நம்மைப்போலவே நாக்கை வளைத்து ட சொல்கிறவர்கள். படித்திருக்கிறேன், ஒலிப்பதிவில் கேட்டிருக்கிறேன், நாலடி தூரத்தில் தாகம் எடுத்த ஒரு மனிதரின் வாயிலிருந்து இதுவரை கேட்டதில்லை. அடுத்ததாக அவர் மனைவியிடம் ஏதோ நீளமாகச் சொன்னபோதுதான் தெரிந்தது. குரலில் ஒரு ஈரம், ஒரு தடிப்பு, கழுத்தில் காதுக்குக் கீழிருந்து இறங்கும் தழும்பு. அவருக்கு நாக்கில் அறுவை ஆகிவிட்டது. எனக்கு ஆகப்போவது அவருக்கு ஆகி முடிந்துவிட்டது. செவிலி கோப்போடு வந்தாள், அவரைப் பெயர் கேட்டாள், அவர் வாயைத் திறந்தார், அவள் அதற்குள் மனைவி பக்கம் திரும்பிவிட்டாள். அவர் சொல்வதற்குக் காதுகொடுக்கக்கூட இல்லை. மனைவி, தாத்கரீம் என்றாள். எனக்கு எழுந்து போய் அந்தச் செவிலியின் தோளைப் பிடித்துத் திருப்ப வேண்டும்போல இருந்தது. என்னையும் இப்படித்தான் தாண்டிப் போவார்கள், நான் வாயைத் திறப்பதற்குள் அத்தானைப் பார்ப்பார்கள், அவர் வாளப்பளம் என்று என் சார்பில் சொல்வார். பலகையில் முப்பத்தெட்டு.

ஆனால் மனைவி அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறாளே. அவர் பேசுகிறார், அவள் சிரிக்கிறாள், மறுக்கிறாள், மொபைலை எடுத்து ஏதோ காட்டுகிறாள். பாதி நாக்குக்காரர் பேசுவது முழுதாகப் புரிவதுபோல. பழகின காது, ஊகித்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். ஊகமா ஒலியா என்று தெரிந்தாக வேண்டும் எனக்கு. எழுந்து போய்விட்டேன். அத்தான் "எங்க போற?" என்றது பின்னால் கேட்டது. தாத்கரீமின் முன்னால் குனிந்து, பாரசீகம் தெரியுமா என்று பாரசீகத்திலேயே கேட்டேன். சேலை கட்டின பெண்ணிடம் அதை எதிர்பார்க்காமல் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "கம், கம்" என்றார் அவர், கொஞ்சம் கொஞ்சம் என்று அர்த்தம். அது ஏமாற்று, க பின்நாக்கு, ம உதடு, நுனி இல்லாதவர்களுக்கும் அது வரும். என் நாக்கின் ஓரத்தைத் தொட்டுக் காட்டி, எனக்கும், என்றேன். அவர் முகம் மாறியது. வெளிச்சத்தின் பக்கம் திரும்பி, நான் கேட்காமலேயே வாயைத் திறந்தார். முப்பது வருடமாக அந்நியர்களின் வாய்க்குள் எட்டிப் பார்த்த பழக்கம், நானும் வெட்கமில்லாமல் குனிந்தேன். வலது பாதி நாக்கு, சிவப்பாக, சொரசொரவென்று. இடது பாதி வேறு ஏதோ. வெளிறி, வழுவழுப்பாக, ஒரு ஓரத்தில் பூனைமுடிபோல இரண்டு மயிர். எனக்குப் புரியவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு இடது கை அங்கியை முழங்கை வரை சுருட்டினார். மணிக்கட்டுக்கு மேலே செவ்வகமாக ஒரு பள்ளம், வேறு இடத்துத் தோலைக் கொண்டுவந்து மூடினது, நிறம் ஒட்டாமல். அங்கே இருந்த தோலைத்தான் எடுத்து வாய்க்குள் நாக்காகத் தைத்திருக்கிறார்கள். நான் அதைத் தொடாமல் விரலை மட்டும் நீட்டி, இது என்ன, என்று கேட்டேன், ஒலிப்பதிவுக்கு உட்காரும் ஆட்களிடம் கேட்கிற அதே குரலில். அவர் என்னைப் பார்த்தார், இவ்வளவு படித்தவளுக்கு இதுகூடவா தெரியாது என்கிற மாதிரி. "தஸ்த்" என்றார். கை.

பாரசீகத்திலும் அதுதான், பலூச்சியிலும் அதுதான். த, ஸ, த. மூன்றும் என் பதினொன்றைச் சேர்ந்தவை, மூன்றும் சிவப்பு. முதலாவது அதிர்ந்தது, கொஞ்சம் தடித்து வந்தாலும் அதிர்ந்தது. நடுவில் உள்ளது சீறியது, ஸகரத்துக்கும் ஷகரத்துக்கும் நடுவே, கோட்டின் மேலேயே. கடைசி ஒன்று சுத்தமாக அடைத்தது. மறுபடி சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். மறுபடி சொன்னார். மூன்றாம் முறை அவர் மனைவியும் சேர்ந்து சொன்னாள், பாடம் ஒப்பிக்கிறவர்களைப்போல. என்னிடம் இருக்கும் அட்டவணையில் அந்த மூன்று ஒலிக்கும் பெட்டி கிடையாது. பல் இருக்கிறது, ஈறு இருக்கிறது, நுனிநாக்கு இருக்கிறது. மணிக்கட்டு இல்லை. வெயிலையும் மழையையும் சட்டைக் கையையும் தவிர ஒன்றும் அறியாத தோல் அது, ருசி தெரியாது, ஈரம் தெரியாது, சொல் என்றால் என்னவென்றே தெரியாது. அதைக் கொண்டுபோய் இருட்டுக்குள் வைத்ததும், அறுபது வருடம் பேசிய நாக்கின் மிச்சப் பாதி அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, இங்கே தொடு, இங்கே அடை, இங்கே கொஞ்சம் திற என்று தள்ளித் தள்ளி நடத்தியிருக்கிறது. எவ்வளவு நாளாயிற்று என்றேன். "யெக் சால்" என்றார், ஒரு வருடம், அதில் லகரம் இருந்தது, வலப்பக்கமாக வழிந்தது. ஒருபக்க லகரம், நிஜமான ஒன்று. எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, அதை அவர்கள் தப்பாக எடுத்துக்கொண்டார்கள், அவர் மனைவி என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள். அழுகை இல்லை அது. நாற்பது மொழியின் ஒலிகளைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சாண் இடத்தில் நான் கேள்விப்படாத வாசல் ஒன்று திறந்திருக்கிறது, அதன் முன்னால் செருப்பைக் கழற்றாமல் நிற்கிறேன். "வல்லி, நாப்பத்தொண்ணு! கூப்பிட்டாச்சு" என்று அத்தான் வந்து முழங்கையைத் தொட்டார்.

டாக்டர் மாசிலாமணி திரையைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிறத்தில் என் நாக்கு, அதற்குள் வெளுத்த ஒரு நிழல், நான் மூன்று மாதம் பெயர் வைத்து வளர்த்தது. "நினைச்சதைவிட ஆழமாப் போயிருக்கும்மா. இடது பாதி முழுசும் எடுத்தாகணும். நுனியும் அதோட சேர்ந்துதான் வரும்" என்றார். அத்தானின் மூச்சு நின்று திரும்ப ஓடியதைக் கேட்டேன். டாக்டர் என்னைப் பார்த்தார், இந்த அம்மாள் சண்டைக்கு வருவாள் என்று அவருக்குப் போன முறையே தெரியும். கைப்பை மடியில் இருந்தது, ஜிப்பைத் திறந்தால் தாள். நான் ஜிப்பைத் தொடவில்லை. "எவ்வளவு வேணுமோ எடுங்க டாக்டர். மிச்சம் வைக்காதீங்க" என்றேன். அத்தான் என் பக்கம் திரும்பினார். "பேச்சு மாறும்மா. உங்க தொழில் எனக்குத் தெரியும், அதனாலதான் சொல்றேன். ஆறு மாசம், ஒரு வருஷம் பயிற்சி எடுக்கணும், முன்ன மாதிரி வராது" என்றார் டாக்டர். "முன்ன மாதிரி வேண்டாம்" என்றேன், சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. "எந்தக் கையில எழுதுவீங்க?" என்றார் அவர். "வலது." "அப்ப இடது கையைக் குடுங்க." நீட்டினேன். மணிக்கட்டை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முஷ்டியை இறுக்கி இறுக்கி விடச் சொன்னார். விட்டேன். "இப்ப விரிங்க." உள்ளங்கை ரத்தமே இல்லாமல் வெளுத்துக் கிடந்தது, என்னுடையதா என்று சந்தேகமாக இருந்தது. ஒரு கட்டைவிரலை மட்டும் எடுத்தார். தோலோடு சேர்த்து ஒரு ரத்தக்குழாயை எடுத்துக்கொண்டுவிட்டால் மிச்சமிருக்கும் குழாய் இந்தக் கையைக் காப்பாற்றுமா என்று பார்க்கிறார்களாம். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சுண்டுவிரல் பக்கமிருந்து சிவப்பு மெல்ல ஏறி வந்து கை முழுக்கப் பரவியது. "அருமையா இருக்கு" என்றார் டாக்டர், "செவ்வாய்க்கிழமை வச்சுக்கலாம்." அவர்கள் இருவரும் தேதி பேச ஆரம்பித்தார்கள். நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மணிக்கட்டின் உள்பக்கத்தைப் பார்த்தேன். பச்சை நரம்பு ஓடுகிற அந்த மெல்லிய தோலிடம், ஐம்பத்திரண்டு வருடம் கூடவே இருந்தும், ஒரு வார்த்தை நான் பேசியதில்லை. முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய், அதற்கு மட்டும் கேட்கும்படி, வா, என்றேன்.